மனநோய்க்கும் மெடிக்ளெய்ம் உண்டு: வாசகர் கேள்வி – பதில்

மருத்துவக் காப்பீடு பற்றிக் கேள்வி அனுப்பும்படி கேட்டிருந்தோம். சர்க்கரை, இதயம், முழங்கால் பற்றிக் கேட்டவர்கள் பெயர், முகவரி, பின்கோடு வரை எழுதியிருந்தார்கள். மனநோய் பற்றிக் கேட்டவர்கள் கடைசி வரியில் ‘பெயர் போட வேண்டாம்’ என்று எழுதியிருந்தார்கள். போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது. மனநலச் சமூகப் பணியாளர் ஒருவரும் காப்பீட்டுக் க்ளெய்ம் ஆலோசகர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

ஈரோடு வாசகி: என் கணவருக்கு பைபோலார் எனும் இருமுனைக் கோளாறு. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்தோம். பில் 1,46,000 ரூபாய். 2015லிருந்து விடாமல் பிரீமியம் கட்டுகிறோம். ‘மனநல சிகிச்சை இந்தப் பாலிசியில் விலக்கு’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். பழைய பாலிசியில் அப்படித்தான் இருக்கும் என்கிறார் ஏஜென்ட். விட்டுவிடுவதா?

விடாதீர்கள். ஏஜென்ட் சொன்னது ஒரு காலத்தில் சரி. இப்போது தப்பு.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 29-5-2018 அன்று நடைமுறைக்கு வந்தது. உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தரப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்று அதன் 21(4) பிரிவு ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்துக்கும் கட்டளையிடுகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 16-8-2018 அன்று இதை உடனே அமல்படுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. 2019 செப்டம்பரில், எந்தெந்த விலக்குகளைப் பாலிசியில் எழுதவே கூடாது என்று ஒரு பட்டியல் போட்டது. மனநோய், மன அழுத்தம், உளவியல் கோளாறுகள் அதில் இருக்கின்றன. புதிய பாலிசிகளுக்கு 1-10-2019 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 1-10-2020 முதலும் அது பொருந்தும். ஆக, ‘பழைய பாலிசி’ என்ற சாக்கு 2020 அக்டோபரோடு செத்துவிட்டது. 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றமும் இதே போன்ற ஒரு வழக்கில், சட்டம் வந்த நாளிலிருந்தே நிறுவனங்களுக்கு இந்தக் கடமை உண்டு என்று சொல்லி, மறுத்த க்ளெய்மைக் கொடுக்க வைத்தது.

பிறகு ஏன் இன்னும் நிராகரிக்கிறார்கள்? உங்கள் கையில் இருப்பது 2015இல் அச்சடித்த புத்தகம். புதுப்பிக்கும்போது ஒரு பக்கச் சான்றிதழ்தான் வரும். திருத்திய விதிகள் வராது. சில சமயம் க்ளெய்ம் பார்க்கும் மேஜையிலும் அதே பழைய புத்தகம்தான் கிடக்கிறது. சான்றிதழில் யுஐஎன் என்று ஓர் எண் இருக்கும். நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த எண்ணுக்குரிய இப்போதைய விதிப் புத்தகத்தைத் தரவிறக்குங்கள். அதில் மனநல விலக்கு இல்லை என்றால் உங்கள் வேலை பாதி முடிந்தது. இருந்தால், சட்டத்துக்கு விரோதமான விலக்கை வைத்து மறுத்திருக்கிறார்கள் என்று பொருள். அதுவும் உங்களுக்குச் சாதகம்தான்.

முதலில் நிராகரிப்பை எழுத்தில் வாங்குங்கள், எந்த விதியின் கீழ் என்ற எண்ணோடு. போனில் சொன்னது கணக்கில் வராது. மூன்று பேர் கொண்ட க்ளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் க்ளெய்மையும் நிராகரிக்கக் கூடாது என்பது 2024 மே மாதம் வந்த விதி. அந்த ஒப்புதல் எந்தத் தேதியில் பெறப்பட்டது என்று கேளுங்கள். பல கோப்புகள் இந்தக் கேள்வியிலேயே மறுபடி திறக்கின்றன.

அடுத்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல். ஒரு பக்கம் போதும். ‘இன்ன எண்ணுள்ள க்ளெய்மை மனநல விலக்கைக் காட்டி மறுத்துள்ளீர்கள். இந்த விலக்கு மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 21(4)க்கும் 16-8-2018 தேதியிட்ட ஐஆர்டிஏஐ சுற்றறிக்கைக்கும் முரணானது. மறுஆய்வு செய்து முழுத் தொகையையும் வழங்கக் கோருகிறேன்.’ இவ்வளவுதான். கணவர் பட்ட பாடு, குடும்பக் கஷ்டம் இதெல்லாம் இந்தக் கடிதத்தில் வேண்டாம். அதே நாளில் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் புகாரைப் பதியுங்கள். இணையம் வசப்படாவிட்டால் 155255க்கு அழைத்துப் பதியலாம்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது மறுபடி மறுத்தால், இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவும் அனுமதி இல்லை, நீங்களேதான் பேச வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறை அவர் விசாரிக்கலாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். தீர்ப்பு உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

இங்கே வரிசை முக்கியம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தால் ஓம்புட்ஸ்மேன் உங்கள் மனுவைத் தொடமாட்டார். அவசரக்கார வக்கீல்கள் நேராக ஆணையத்துக்குக் கூட்டிப்போய் இந்த இலவசக் கதவை மூடிவிடுகிறார்கள். அதே நேரம் ஆணையத்துக்கு இரண்டு வருடக் காலவரம்பு உண்டு. அந்தக் கடிகாரத்தையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கூடுதல் பலம்: உங்கள் பாலிசி தொடர்ந்து 60 மாதத்தைத் தாண்டிவிட்டது. இனி ‘நோயை முன்பே சொல்லவில்லை’ என்ற காரணத்தை, மோசடி என்று நிரூபித்தாலொழிய, கிளப்ப முடியாது.

நாகர்கோவில் வாசகர்: என் மகளுக்கு மனச்சோர்வு. சாப்பிடாமல் கிடந்தவளை ஒன்பது நாள் சேர்த்திருந்தோம். மனநோய் என்பதற்காக மறுக்கவில்லை. ‘கண்காணிப்புக்காகச் சேர்க்கப்பட்டார், வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாம்’ என்று மறுத்துவிட்டார்கள்.

விலக்கு போட முடியாமல் போன பிறகு, மனநலக் க்ளெய்ம்கள் அதிகம் விழுவது இந்தக் குழியில்தான். எல்லாப் பாலிசியிலும் இரண்டு பொது விலக்குகள் உண்டு. நான்காம் எண்: பரிசோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டுமே சேர்வது. ஐந்தாம் எண்: ஓய்வு, மறுவாழ்வு, பராமரிப்புக்காகச் சேர்வது. உடல்நோயில் இவை அபூர்வமாகத்தான் இடறும். மனநலப் பிரிவிலோ மருத்துவர் பழக்கதோஷத்தில் ‘கண்காணிப்புக்காக’, ‘ஓய்வுக்காக’, ‘குடும்பச் சூழலிலிருந்து விலக்கி வைக்க’ என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதிவிடுகிறார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கோப்பை மூடிவிடுவார்கள்.

சம்மரியில் இருக்க வேண்டியவை இவை. நோயின் பெயரும் ஐசிடி எனும் சர்வதேச நோய்க் குறியீடும்: மனச்சிதைவுக்கு எஃப்20, இருமுனைக் கோளாறுக்கு எஃப்31, மனச்சோர்வுக்கு எஃப்32. வீட்டிலிருந்தபடி ஏன் பார்க்க முடியவில்லை என்பதற்கான மருத்துவக் காரணம்: எத்தனை நாள் சாப்பிடவில்லை, எடை எவ்வளவு குறைந்தது, தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் அபாயம் இருந்ததா, மாத்திரையை மறுத்தாரா. உள்ளே என்ன செய்தார்கள்: ஊசி மருந்து, குளுக்கோஸ், மருந்தின் அளவைக் கூட்டிய தேதிகள், இருமுனைக் கோளாறுக்கான லித்தியம் மருந்து என்றால் ரத்தத்தில் அதன் அளவு பார்த்த முடிவு. ‘உணவு மறுப்பு, ஐந்து கிலோ எடை இழப்பு, நீர்ச்சத்துக் குறைவு; நரம்பு வழித் திரவம் தரப்பட்டது’ என்ற வரி இருக்கும் சம்மரியை வெளிநோயாளி என்று தள்ளுவது கடினம்.

வீட்டுக்கு வந்த பிறகும் வழி இருக்கிறது. உள்நோயாளிக் கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவப் பதிவுகளைப் பெறுவது மனநலச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தரும் உரிமை. நர்ஸ்கள் தினமும் எழுதும் குறிப்பில்தான் உண்மை முழுதாக இருக்கும். ‘காலை உணவு மறுத்தார்’ என்று மூன்று நாள் எழுதியிருப்பார்கள். அதை அடிப்படையாக வைத்து மருத்துவரிடம் ஒரு விளக்கக் கடிதம் கேளுங்கள். நடக்காததை எழுதச் சொல்லாதீர்கள். கேஸ் ஷீட்டும் கடிதமும் முரண்பட்டால் மோசடி என்ற புது வழக்கு கிளம்பும்.

மின் அதிர்வு சிகிச்சை, அதாவது ஈசிடி, தந்திருந்தால் அதன் மயக்க மருந்துக் குறிப்பையும் வாங்கி வையுங்கள். காலையில் தந்து மாலையில் அனுப்பியிருந்தால் 24 மணி நேரம் தங்கவில்லை என்று மறுப்பார்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிகிச்சைகளுக்குப் பகல்நேரச் சிகிச்சை என்ற தனி வரையறை பாலிசியில் உண்டு. அதைக் காட்டி வாதாடலாம்.

திருநெல்வேலி வாசகி: தம்பிக்கு மனச்சிதைவு. தங்கைக்கு வரன் பார்ப்பதால் சான்றிதழில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று போடச் சொல்லி அப்பா டாக்டரிடம் கெஞ்சினார். அவரும் போட்டுக் கொடுத்தார். இப்போது க்ளெய்ம் கேள்விக் குறியாகிவிட்டது.

நரம்புத் தளர்ச்சி என்பது தம்பியின் நோய்க்குப் பெயர் இல்லை. மனநோயின் பெயரைச் சொல்லக் கூசும்போது நம் ஊரில் போர்த்திக்கொள்ளும் துண்டு அது. ‘நரம்பு டாக்டர்’ என்று சொல்லிக்கொண்டு மனநல மருத்துவரிடம் போவதும் அதே துண்டுதான்.

க்ளெய்மில் என்ன ஆகிறது என்று பாருங்கள். சம்மரியில் நரம்புத் தளர்ச்சி, மருந்துச் சீட்டில் மனச்சிதைவுக்குத் தரும் ஓலன்ஸபைன், கையெழுத்து மனநல மருத்துவருடையது. பார்ப்பவருக்கு மூன்றும் பொருந்தவில்லை. சந்தேகம் வந்ததும் விசாரணையாளரை அனுப்புவார்கள். அவர் ஆஸ்பத்திரிக்கு வருவார், வீட்டுக்கு வருவார், சில சமயம் பக்கத்து வீட்டிலும் விசாரிப்பார். யாருக்குத் தெரியக் கூடாது என்று மறைத்தீர்களோ அவர்களுக்கே போய்ச் சேரும். உண்மையான பெயரோடு போன கோப்பு, பெரும்பாலும் மேஜையை விட்டு நகராமலே முடிந்திருக்கும்.

மருத்துவர் கேஸ் ஷீட்டில் சரியான நோயைத்தான் எழுதியிருப்பார். திருத்திய டிஸ்சார்ஜ் சம்மரி கேளுங்கள். எதைத் திருத்தினோம், ஏன் என்ற ஒரு வரியும் தேதியும் அதில் இருக்கட்டும். பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிது கொடுப்பது ஆபத்து.

தங்கை திருமணத்தைப் பற்றி: வருகிற வீட்டாரிடம் என்ன சொல்வது என்பதை முதலில் தம்பியைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அவருடைய நோய்; அவர் அனுமதி வேண்டும். சொல்வது என்று ஆனால் நிச்சயத்துக்கு முன்பே, சர்க்கரை நோயைச் சொல்வது போல: ‘தம்பிக்கு மனச்சிதைவு, மாத்திரை சாப்பிடுகிறான், இன்ன வேலை பார்க்கிறான்.’ மூன்றே வாக்கியம். கண்ணீரோடு சொன்னால் கேட்பவர் பயந்துபோவார். பரம்பரையா என்று கேட்பார்கள். மரபு ஒரு பங்கு வகிக்கிறது, ஆனால் மனச்சிதைவு உள்ள ஒருவரின் உடன்பிறந்தோரில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதில்லை.

மதுரை வாசகர்: கல்லூரிக் காலத்தில் பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிட்டேன். இப்போது புதிதாக மெடிக்ளெய்ம் எடுக்கிறேன். ‘அதையெல்லாம் எழுதாதீங்க சார், ரிஜெக்ட் ஆகிடும்’ என்கிறார் ஏஜென்ட்.

ஏஜென்டுக்குக் கமிஷன் இன்று. உங்களுக்கு ஆஸ்பத்திரி என்றைக்கோ. அவர் அறிவுரையின் அவசரம் அதுதான்.

கேள்வியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ‘முன்பே உள்ள நோய்’ என்பதற்கு இப்போதைய வரையறை, பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் கண்டறியப்பட்டது அல்லது சிகிச்சை பெற்றது. படிவம் கடந்த மூன்று வருடத்தைப் பற்றி மட்டும் கேட்டால், பத்து வருடத்துக்கு முன் முடிந்ததை எழுத வேண்டியதில்லை. ‘எப்போதாவது மனநல மருத்துவரைப் பார்த்ததுண்டா’ என்று கேட்டால் ஆம் என்றுதான் எழுத வேண்டும். எழுதும்போது பக்கத்திலேயே முழு விவரம் கொடுங்கள்: ‘2014 மார்ச், தேர்வு நேரப் பதற்றம்; மூன்று மாதம் மாத்திரை; மருத்துவர் ஆலோசனைப்படி நிறுத்தம்; அதன்பின் சிகிச்சை இல்லை.’ வெறும் ‘பதற்றம்’ என்று மொட்டையாக எழுதினால் படிப்பவர் மிக மோசமானதைக் கற்பனை செய்துகொள்வார்.

சொன்னால் என்ன ஆகும்? பிரீமியத்தைக் கொஞ்சம் கூட்டலாம். அல்லது அந்த நோய்க்கு மட்டும் காத்திருப்புக் காலம் போடலாம். அது 36 மாதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 48 ஆக இருந்ததை 2024 ஏப்ரலில் குறைத்தார்கள். மறைத்தால்? முதல் ஐந்து வருடத்துக்குள் எந்தக் க்ளெய்ம் வந்தாலும், அது அப்பெண்டிசைட்டிஸாகவே இருந்தாலும், மறைத்தார் என்று பாலிசியையே ரத்து செய்யப் பார்ப்பார்கள்.

பாலிசி கைக்கு வந்ததும் அதோடு இணைத்திருக்கும் விண்ணப்ப நகலைப் பாருங்கள். ஓடிபி வாங்கிக்கொண்டு ஏஜென்டே எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று தட்டியிருப்பது சர்வ சாதாரணம். 30 நாளுக்குள் திருத்தச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். பிடிக்காவிட்டால் அந்த அவகாசத்துக்குள் பாலிசியைத் திருப்பியும் கொடுத்துவிடலாம்.

பாலிசியின் விதிப் புத்தகத்தில் ‘துணை வரம்பு’ என்ற சொல்லையும் தேடுங்கள். பத்து லட்ச ரூபாய் பாலிசியில் மனநோய்க்கு மட்டும் ஒரு சிறு தொகை என்று சிலர் ஓரத்தில் செருகியிருப்பார்கள். உடல்நோய்க்கு இல்லாத வரம்பு மனநோய்க்கு மட்டும் இருந்தால் அது 21(4)இன் ‘அதே அடிப்படை’க்குப் பொருந்தாது என்பதே எங்கள் கருத்து. ஆனால் அதற்காகப் பிறகு சண்டை போடுவதைவிட, அந்த வரி இல்லாத பாலிசியை இப்போதே தேர்ந்தெடுப்பது மேல்.

இப்போதும் மாத்திரை எடுப்பவர்களுக்கு: விண்ணப்பத்தையே மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள், எச்ஐவி உள்ளவர்கள், மனநோய் உள்ளவர்கள் ஆகியோருக்கென்று ஒரு பாலிசி வைத்திருக்க வேண்டும் என்று ஐஆர்டிஏஐ 27-2-2023 அன்று பொதுக் காப்பீட்டு, மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. கிளைகளில் அதைத் தாமாக எடுத்துக் காட்டமாட்டார்கள். சுற்றறிக்கைத் தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.

தஞ்சாவூர் வாசகி: அம்மாவுக்கு மாதம் மாத்திரை, டாக்டர் ஃபீஸ், கவுன்சலிங் எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய் ஆகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்ததே இல்லை. சமம் என்று சட்டம் சொல்கிறதே, இதற்கு ஏன் பணம் வரவில்லை?

சமம் என்பதாலேயே வரவில்லை. சர்க்கரை மாத்திரைக்கும் பாலிசி பணம் தருவதில்லை; 24 மணி நேரம் சேர்ந்தால்தான் தருகிறது. அதே விதி மனநோய்க்கும். மனநோயாளிகளில் பெரும்பாலோர் படுக்கையில் சேராமலே குணமாகிறவர்கள் என்பதால், காகிதத்தில் சமமாக இருக்கும் விதி நடைமுறையில் இவர்களுக்கே அதிகம் வலிக்கிறது. சட்டத்தின் நிஜமான ஓட்டை இது. ஓம்புட்ஸ்மேன் இதை அடைக்க முடியாது.

இருக்கிற வழிகள் சில. வெளிநோயாளிச் செலவுக்கான கூடுதல் திட்டத்தை எடுப்பதற்கு முன் கணக்குப் போடுங்கள்: வருடம் 5,000 ரூபாய் வரை தருகிறோம் என்று சொல்லி அதற்கு 4,000 பிரீமியம் வாங்கினால் உங்களுக்கு மிச்சம் ஆயிரம்தான். மனநல மருத்துவரும் உளவியலாளரும் அதில் அடக்கமா என்று தனியாகக் கேளுங்கள்.

என்றாவது சேர்க்க நேர்ந்தால் ஒன்றை மறக்காதீர்கள். பல பாலிசிகள் சேர்வதற்கு முந்தைய 30 நாள், வந்த பிறகு 60 நாள் வரை அதே நோய்க்கான வெளிச் செலவையும் தருகின்றன. மனச்சிதைவு மருந்தான க்ளோசபைன் தொடங்கியவருக்கு முதல் 18 வாரம் வாரந்தோறும் ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அதில் எட்டு வாரப் பரிசோதனை இந்த 60 நாளுக்குள் வந்துவிடும். பில்லையும் மருந்துச் சீட்டையும் சேர்த்து அனுப்பினால் போதும். பெரும்பாலானோர் பெரிய பில் வந்த நிம்மதியில் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

அரசு மருத்துவக் கல்லூரியிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா அளவிலும் வரும்; நாளைத் தலைமை மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது எடுக்கும் மாத்திரையின் மூலப் பெயரையும் மில்லிகிராமையும் தனியார் மருத்துவரிடம் எழுதி வாங்கிப் போனால் அங்கே அதையே தொடரச் சொல்லிக் கேட்கலாம். நோயின் தாக்கம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் கிடைத்தால், பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்கள் மாற்றுத்திறனாளியைப் பராமரிப்போருக்கான கழிவாக (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80டிடி பிரிவு) 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000.

கோவை வாசகர்: ஐடி கம்பெனியில் வேலை. அலுவலக இன்சூரன்ஸில் க்ளெய்ம் போட்டால் எச்.ஆருக்கு நோய் தெரிந்துவிடுமா?

தெரிய வேண்டிய அவசியம் இல்லை. தெரிய விடாமல் செய்வது உங்கள் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. பில்லை எச்.ஆர். மேஜையில் கொடுக்காமல் டிபிஏவின் (காப்பீட்டு நிறுவனத்துக்காகக் க்ளெய்ம்களைக் கையாளும் இடை அமைப்பு) செயலியிலோ ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேஜையிலோ நேரடியாகப் போடுங்கள். அலுவலகத்துக்குப் போகும் க்ளெய்ம் அறிக்கையில் பெயரோடு நோய் விவரம் போகிறதா என்று டிபிஏவிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். கேள்வி எழுத்தில் வந்ததுமே அவர்கள் ஜாக்கிரதையாகிவிடுவார்கள். விடுப்புக்கு ‘மருத்துவ சிகிச்சையில் இருந்தார், இன்ன தேதி முதல் வேலைக்குத் தகுதி’ என்ற சான்றிதழ் போதும். மருத்துவரும் ஆஸ்பத்திரியும் உங்கள் விவரத்தை வெளியே சொல்லாமலிருப்பது சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி கட்டாயம்.

ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு அலுவலக குழுக் காப்பீடுதான் நல்ல காப்பீடு. பெரும்பாலும் காத்திருப்புக் காலம் இருக்காது. வேலையை விடுவதாக இருந்தால், கடைசி நாளுக்கு முன்பே அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பியுங்கள். குழுவில் இருந்த காலம் காத்திருப்பில் கழியும். வெளியே வந்து மூன்று மாதம் கழித்து யோசித்தால் எல்லாம் முதலிலிருந்து.

சேலம் வாசகி: அண்ணன் குடிநோய்க்கு மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்தார். க்ளெய்ம் வருமா?

பெரும்பாலும் வராது. குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை பன்னிரண்டாம் எண் பொது விலக்கு. அது இன்னும் செல்லுபடியாகிறது. மனநலச் சட்டமோ மதுவால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்றே வரையறுக்கிறது. இரண்டும் மோதுகின்றன. குடியை நிறுத்திய இரண்டு, மூன்று நாளில் உளறல், நடுக்கம், இல்லாத உருவம் தெரிவது என்று அவசரப் பிரிவில் சேர்த்திருந்தால் அந்த மருத்துவமனை பில்லை மையத்தின் பில்லிலிருந்து பிரித்து, தனிக் க்ளெய்மாகப் போடுங்கள். மறுத்தால் ஓம்புட்ஸ்மேனிடம் சட்டத்தின் வரையறையைக் காட்டி வாதாடலாம். வெற்றி உறுதி என்று சொல்ல மாட்டோம். மாத்திரையை நிறுத்தியதால்தான் நோய் திரும்பியது என்று மறுத்தால் கதை வேறு: மருத்துவ ஆலோசனையைப் பின்பற்றாததை விலக்காக வைக்கவே கூடாது என்று 2019 பட்டியல் சொல்கிறது. அடுத்த முறை சிகிச்சைக்கு வழி தேட, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446.

ராமநாதபுரம் வாசகர்: உறவினர் ஒருவரை ஏர்வாடி தர்காவில் தங்கவைத்திருக்கிறார்கள். அந்தச் செலவுக்குக் காப்பீடு உண்டா?

இல்லை. பாலிசியில் மருத்துவமனை என்பதற்கு வரையறை உண்டு: இரவும் பகலும் மருத்துவரும் தகுதி பெற்ற நர்ஸும் இருக்க வேண்டும், சிறிய ஊரில் குறைந்தது பத்துப் படுக்கை, பெரிய ஊரில் பதினைந்து, அல்லது மருத்துவ நிறுவனமாகப் பதிவு செய்திருக்க வேண்டும். விடுதிகள் எதிலும் சேரா. ஊருக்கு வெளியே உள்ள பராமரிப்பு இல்லங்கள் பலவும் சேரா. சேர்க்கும் முன்பே பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள்.

பிரார்த்தனைக்கு நாங்கள் தடை சொல்லவில்லை. ஆனால் அவர் சங்கிலியில் இருக்கிறாரா என்று போய்ப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அதே ஊரில் கொட்டகை தீப்பிடித்தபோது கட்டிப்போடப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதை 95ஆம் பிரிவு அடியோடு தடை செய்கிறது. கட்டியிருந்தால் போலீசிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ சொல்லுங்கள்.

வேலூர் வாசகி: தங்கை விஷம் குடித்துப் பிழைத்தாள். ‘போலீஸ் கேஸ் ஆகும், இன்சூரன்ஸும் வராது, தெரியாமல் குடித்தாள் என்று சொல்லுங்கள்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அப்படிச் சொல்லாதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 1-7-2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் தரும், வாக்குமூலம் வாங்குவார்கள். அது நடைமுறை, கைதுக்காக இல்லை.

விபத்து என்று எழுதிவிட்டால் மனநல மருத்துவர் அவளைப் பார்க்காமலே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முயன்றவருக்கு அடுத்த சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. டிஸ்சார்ஜுக்கு முன் மனநல மருத்துவர் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் மனச்சோர்வு என்று எழுதும் குறிப்பு, பிறகு க்ளெய்ம் மறுக்கப்பட்டால் 21(4)ஐச் சொல்லி வாதாடவும் உதவும். வீட்டில் பூச்சிமருந்து, எலிமருந்து, மீந்த மாத்திரை எதுவும் கைக்கு எட்டும்படி இருக்கக் கூடாது. அவளோ நீங்களோ எந்த நேரத்திலும் 14416க்குப் பேசலாம். டெலி மானஸ், மத்திய அரசின் இலவச சேவை, தமிழிலேயே பேசுவார்கள்.

புதுச்சேரி வாசகர்: மகனுக்கு அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு. இந்தச் சட்டம் அவனுக்கும் பொருந்துமா?

மனநோய் என்ற வரையறையில் அது வராது. ஆனால் வளர்ச்சிக் குறைபாடுகளையும் விலக்காக வைக்க முடியாது என்று அதே 2019 பட்டியல் சொல்கிறது. அவனுக்கென்று மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது: வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை, முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை இல்லை, வெளிநோயாளிச் செலவும் சிகிச்சைப் பயிற்சிகளும் அதில் அடங்கும். மாற்றுத்திறனாளி சான்றிதழோடு, உங்கள் பகுதியில் அறக்கட்டளையிடம் பதிவு செய்த அமைப்பு மூலம் விண்ணப்பிக்க வேண்டும். வருடா வருடம் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள். நினைவூட்டல் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.